அரிய பறவை என்று தோன்றினால் எதைக் குறிப்பது, எப்படி உறுதி செய்வது?

கேள்வி இதுதான்: டிசம்பரில் ஊர் ஏரிக்கரை மரத்தில் ஒரு சின்ன ஈப்பிடிப்பான். டைகா ஈப்பிடிப்பான் என்று பறவைப் பதிவுகளை ஏற்றும் ஈபேர்டு தளத்தில் போட்டால் 'அரிது, விவரம் தேவை' என்கிறது. இரண்டு நாளில் பதிவுகளைச் சரிபார்க்கும் ரிவ்யூவரிடமிருந்து மின்னஞ்சலும் வந்துவிட்டது. படம் சுமார். அவருக்கு என்ன பதில் எழுதுவது, அடுத்த முறை எதையெல்லாம் குறித்து வைப்பது?

முதலில் அந்த மின்னஞ்சலைப் பற்றி. அது உங்கள் மேல் சந்தேகம் இல்லை. ஈபேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு உச்ச எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் கணினி தானாகவே கொடி காட்டும். ஜூன் மாதத்தில் ஊசிவால் வாத்து என்று போட்டாலும் காட்டும், சாதாரண உண்ணிக்கொக்கை ஐயாயிரம் என்று போட்டாலும் காட்டும். பிறகு அந்தப் பகுதியைக் கவனிக்கும் தன்னார்வலர் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்கிறார். இருபது வருடம் பறவை பார்த்தவருக்கும் இதே மின்னஞ்சல்தான் போகும். பதில் போடாமல் விட்டால் பறவை உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும், ஆனால் பொது வரைபடத்திலும் ஆய்வுக்கு எடுக்கும் தரவிலும் வராது.

இனி உங்கள் ஈப்பிடிப்பான். நம் பக்கம் குளிர்காலத்தில் வழக்கமாக வருவது செம்மார்பு ஈப்பிடிப்பான். டைகா அதன் நெருங்கிய உறவு, தமிழ்நாட்டில் அரிது. இரண்டும் வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும், இரண்டுக்கும் வாலின் அடியில் பக்கவாட்டில் வெள்ளை உண்டு. அதனால் 'வாலில் வெள்ளை இருந்தது, வாலை ஆட்டியது' என்று எழுதினால் ஒன்றும் நிரூபணமாகாது. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

முக்கியமானது வாலின் மேல்பக்கம் அடியை மூடியிருக்கும் உறை இறகுகள். டைகாவுக்கு அவை கன்னங்கரேல் என்று இருக்கும், வாலின் நடு இறகுகள் அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ கறுப்பு. செம்மார்பானுக்குப் பழுப்பு கலந்திருக்கும், வாலைவிடக் கறுத்துத் தெரியாது. அடுத்தது கீழலகு. டைகாவுக்கு முழுக்கக் கருமை, செம்மார்பானுக்கு அடிப்பகுதி வெளிறியிருக்கும். மூன்றாவது அடிப்பக்கம். டைகாவின் மார்பு சாம்பல் சாயல், தொண்டை வெள்ளையாகத் தனித்துத் தெரியும். செம்மார்பானுக்கு மார்பிலும் விலாவிலும் இளமஞ்சள் பூசினாற்போல இருக்கும். ஆனால் மாலை வெயிலில் எல்லாப் பறவையும் மஞ்சளாகத்தான் தெரியும் என்பதால் இந்த மூன்றாவதை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது.

இன்னொரு நல்ல துப்பு மாதம். வளர்ந்த ஆண் செம்மார்பான் குளிர்காலத்திலும் தொண்டைச் சிவப்பை வைத்திருக்கும். டைகா ஆண் அதை உதிர்த்துவிட்டு வெளிறிய தொண்டையோடு இருக்கும். எனவே டிசம்பரில் தொண்டை ஆரஞ்சாக இருந்தால் டைகா என்ற எண்ணத்தைக் கைவிடலாம். ஆரஞ்சு இல்லை என்பதால் டைகா ஆகிவிடாது, ஏனென்றால் பெண்ணும் இளசும் அப்படித்தான் இருக்கும். குரலில் இரண்டுமே 'ட்ர்ர்ர்' என்று உலர்ந்த சத்தம். செம்மார்பானுடையது கொஞ்சம் நிதானம், தட்டுகளைத் தனித்தனியாகக் கேட்கலாம். டைகாவுடையது பூச்சி கத்துவதுபோல ஒரே இழுப்பு. ஒலிப்பதிவு இருந்தால் சுமாரான படத்தைவிட அது அதிகம் பேசும்.

ஆக, ரிவ்யூவருக்கு எழுதும்போது 'பார்த்ததும் டைகா என்று தெரிந்தது', 'மெர்லின் (பறவையை அடையாளம் சொல்லும் ஆப்) டைகா என்றது', 'குழுவில் ஒரு சீனியர் உறுதி செய்தார்' என்றெல்லாம் எழுதவே வேண்டாம். இவை எதுவும் பறவையைப் பற்றிய தகவல் இல்லை. உதவும் குறிப்பு இப்படி இருக்கும்:

'காலை 7.40, வெயில் எனக்குப் பின்னால். சுமார் 15 மீட்டர் தொலைவில் கருவேல மரத்தின் கீழ்க்கிளை. 8x42 பைனாகுலரில் நாலு நிமிடம். மேல்பக்கம் சாம்பல் பழுப்பு, தொண்டை வெள்ளை, மார்பு சாம்பல், இளமஞ்சள் இல்லை. இரண்டு முறை முதுகைக் காட்டி உட்கார்ந்தபோது வாலடி உறை இறகுகள் வாலைவிடக் கறுப்பாகத் தெரிந்தன. கீழலகில் வெளிறிய அடி தெரியவில்லை, ஆனால் பக்கவாட்டில் ஒரே ஒரு முறைதான் பார்க்க முடிந்தது. குரல் கேட்கவில்லை. செம்மார்பு ஈப்பிடிப்பானை வாலடி நிறத்தையும் மார்பு நிறத்தையும் வைத்து ஒதுக்கினேன்.'

இதில் 'குரல் கேட்கவில்லை', 'ஒரே ஒரு முறைதான்' என்ற வரிகள் பலவீனம் மாதிரி தோன்றும். சரிபார்ப்பவருக்கு நம்பிக்கை தருபவை அவைதான். எல்லா அடையாளமும் புத்தகத்தில் உள்ளபடி அப்படியே பொருந்தியிருக்கும் குறிப்பு, பறவையைப் பார்த்து எழுதியதா புத்தகத்தைப் பார்த்து எழுதியதா என்ற கேள்வியைத்தான் எழுப்பும். தமிழிலேயே எழுதலாம், தடையில்லை.

இங்கிருந்து அடுத்த முறைக்கான விஷயம். வித்தியாசமான பறவை கண்ணில் பட்டவுடன் பெரும்பாலோர் செய்வது ஆப்பைத் திறந்து பெயர் தேடுவது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பெயர் மனதில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு கண் அந்தப் பெயருக்குப் பொருந்துவதை மட்டுமே பொறுக்கும். முதலில் ஆவணம், பிறகு பார்வை, பிறகு குறிப்பு, அதற்குப் பிறகுதான் பெயர்.

ஆவணம் என்றால் முதல் பத்து நொடியில் ஏதாவது ஒரு படம். தூரமோ கலங்கலோ, பரவாயில்லை, எடுத்துவிடுங்கள். பறவை பறந்த பிறகு 'கிட்டப் போய் எடுக்கலாம் என்று இருந்தேன்' என்று சொல்லிப் பயனில்லை. அதன்பின் நின்ற இடத்திலிருந்தே தொடர் ஷாட். ஒரே பக்கவாட்டு போஸை முப்பது எடுப்பதைவிட இறக்கை விரிந்தது, முதுகு, வாலடி, கால் என்று பகுதி பகுதியாகச் சேர்ப்பது நல்லது. உள்ளான், ஆலா, பருந்து வகைகளில் விடை பெரும்பாலும் விரிந்த இறக்கையில்தான் இருக்கும். உட்கார்ந்திருக்கும் பறவை சோம்பல் முறிக்கும் நொடிக்குக் காத்திருங்கள்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1600க்குக் குறையாமல் வையுங்கள். வானத்தின் பின்னணியில் பறவை கறுத்துப்போகும், அதனால் எக்ஸ்போஷரை +1 அளவுக்கு ஏற்றுங்கள். வெள்ளைக் கொக்கு, ஆலா வெயிலில் இருந்தால் தலைகீழ், –0.7 அல்லது –1. இல்லாவிட்டால் வெள்ளை வெந்துபோய் இறகின் வரி எதுவும் மிஞ்சாது. கேமரா இல்லாதவர் பைனாகுலரின் கண்வில்லையில் போன் லென்ஸை ஒட்டவைத்து வீடியோ எடுக்கலாம். கை நடுங்கினாலும் அதில் பத்து ஃபிரேம் தேறும், நடையும் வால் அசைவும் சேர்ந்து பதிவாகும். கடைசியாகப் போனில் அந்த இடத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள், ஜிபிஎஸ் அதில் பதிந்திருக்கும்.

படத்தில் நடக்கும் தவறுகளில் மோசமானது ஏஐ மென்பொருளில் போட்டுக் கூர்மையாக்குவது. அந்த மென்பொருள் இல்லாத இறகு விளிம்பையும் கண்வளையத்தையும் வரைந்து சேர்க்கும். புதிய போன்கள் பெரிதாக்கும்போது கேட்காமலேயே இதைச் செய்கின்றன. கலங்கலான அசல் படம் சாட்சியாக நிற்கும், மென்பொருள் வரைந்து சேர்த்த படம் நிற்காது. அசல் கோப்பை வெட்டாமல் தனியாக வைத்துக்கொண்டு நகலில் மட்டும் வெட்டுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி, நேர விவரமும் கழன்றுவிடும். 'டாகுமென்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும். கேமரா கடிகாரத்தில் காலை மாலை மாறியிருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பாருங்கள். இரவு எட்டு மணிக்குப் பளிச்சென்ற வெயிலில் எடுத்த கழுகுப் படங்கள் ஏராளமாக உலவுகின்றன.

ஒலிக்குப் போனே போதும். முடிந்தால் வேவ் வடிவம், எம்பி3 கடைசி வழி. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை கையை அசைக்காமல் பிடியுங்கள். முடிவில் மூன்று நொடி விட்டு இடம், நேரம், பார்த்தது என்ன என்று வாய்விட்டுச் சொல்லி நிறுத்துங்கள். ஏற்றும்போது இரைச்சல் நீக்கும் வடிகட்டி போடாதீர்கள், ஒலியளவை உச்சம் –3 டெசிபல் இருக்குமாறு உயர்த்தினால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் குளிர்காலத்தில் இருக்கும் பச்சைக் கதிர்குருவிகளில் கிரீனிஷ் வார்ப்ளர் இரண்டசையாகக் கூப்பிடும், கிரீன் வார்ப்ளர் மூன்றசையாகக் கூப்பிடும். இலைக்குள் மறைந்திருக்கும் அவற்றைப் படத்தில் பிரிப்பதற்குள் விடிந்துவிடும், ஒலியில் பிரிப்பது எளிது. பதிவு செய்த குரலையே திரும்பப் போட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். வழிதவறி வந்த பறவைக்கு இரை தேடும் நேரம் அதில் போய்விடும்.

குறிப்பு எழுதும்போது அளவைச் சென்டிமீட்டரில் ஊகிக்காதீர்கள். தனியாக நிற்கும் பறவையின் அளவை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கும் பவளக்காலியைவிடப் பெரிதா, கொசு உள்ளானோடு ஒப்பிட்டால் எப்படி என்று எழுதுங்கள். அலகு நீளத்தைத் தலை நீளத்தோடு ஒப்பிடுங்கள். மடித்த இறக்கை நுனி வாலைத் தாண்டுகிறதா, வாலோடு நிற்கிறதா என்று பாருங்கள். காலின் நிறம் எழுதும்முன் சேறு ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சைக் கால். காய்ந்த சேறு இரண்டையும் ஒரே நிறமாக்கிவிடும்.

சேறு இன்னொரு வேலையும் செய்யும். கொசு உள்ளானின் அலகு நுனியில் சின்ன உருண்டையாக ஒட்டிக்கொண்டு, உலகில் சில நூறே மிஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளானாக அதைக் காட்டும். அப்படித் தோன்றினால் கண்ணை எடுக்காமல் ஐந்து நிமிடம் பாருங்கள். அலகைக் கழுவும், சேறு போகும்.

பொதுவாக, அரிய பறவை என்று வரும் பதிவுகளில் பெரும்பகுதி சாதாரணப் பறவையின் அசாதாரணத் தோற்றம்தான். புள்ளி போட்ட பழுப்பு வக்கா இளசைப் பெரிய குருகு என்று எழுதுவார்கள். அக்காக்குயில் பறப்பதும் உட்காருவதும் வல்லூறு மாதிரியே இருக்கும். இறகு உதிர்க்கும் காலத்துக் கரும்பருந்துக்கு வால் பிளவு தெரியாமல் போய், வேறு ஏதோ கழுகாகிவிடும். வெள்ளைக் காகமும் வெள்ளை மைனாவும் நிறமிக் குறைபாடு, கண் சிவப்பாக இருந்தால் மட்டுமே முழு அல்பினோ. கடற்கரையில் சின்னக் கொக்குக்கும் கரைக் கொக்குக்கும் கலப்பினம் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட தடிமனில் அலகு, கரும் சாம்பல் உடலில் அங்கங்கே வெள்ளை என்று வந்தால் ஒரு பெயருக்குள் திணிக்காமல் கலப்பினம் என்றே போட இடம் இருக்கிறது. எனவே முதல் கேள்வி, 'இது என்ன அரிய பறவை' என்பதல்ல. 'இங்கே தினமும் இருக்கும் எந்தப் பறவை, எந்த வயதில், எந்த வெளிச்சத்தில் இப்படித் தெரியும்' என்பதுதான். அதற்கு விடை கிடைக்காதபோது மட்டும் அடுத்த படிக்குப் போகலாம்.

கூண்டிலிருந்து தப்பியதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இறக்கை, வால் நுனிகள் கம்பியில் உரசித் தேய்ந்திருப்பது, அலகும் நகமும் அளவுக்கு மீறி வளர்ந்திருப்பது, காலில் நிற வளையம், ஆளைக் கண்டு அஞ்சாமல் வருவது ஆகியவை அதன் அறிகுறிகள். தப்பியது என்றாலும் பதிவு செய்யுங்கள், ஈபேர்டில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஜாவா சிட்டு போன்றவை ஓரிடத்தில் கூடு கட்டிப் பெருகத் தொடங்கியதை அப்படித்தான் பின்னால் தெரிந்துகொள்ள முடியும்.

கடல் பறவைகள் தனி உலகம். தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், வங்கக்கடல் புயல் கரை கடந்த மறுநாளிலிருந்தும் கரையோரத்தையும், கொஞ்சம் உள்ளே இருக்கும் ஏரிகளையும் சுற்றிப் பாருங்கள். வழக்கமாக ஆழ்கடலிலேயே இருக்கும் ஆலாக்கள் களைத்துப்போய் மணலில் உட்கார்ந்திருக்கும். அப்படி வருபவற்றில் அடிக்கடி குழப்புவது சூட்டி டெர்ன், பிரைடில்டு டெர்ன் என்ற இரண்டும். நெற்றியின் வெள்ளையைப் பாருங்கள். பிரைடில்டில் அது ஒடுங்கிய புருவமாகக் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். சூட்டியில் அகலமான திட்டாகக் கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டின் முதுகு பழுப்புச் சாம்பல், உச்சந்தலைக் கறுப்புக்கும் முதுகுக்கும் நடுவில் வெளிறிய கழுத்துப்பட்டை தெரியும். சூட்டிக்குத் தலையும் முதுகும் ஒரே கறுப்பு. சூட்டியின் இளசு அடியோடு வேறு, உடல் முழுக்கக் கருமை, முதுகில் வெள்ளைப் புள்ளிகள். இதை நாடி என்னும் பழுப்பு ஆலாவாக எழுதிவிடுகிறார்கள். நாடியின் வால் ஆப்பு வடிவம், உச்சந்தலை வெளிறியிருக்கும். சூட்டி இளசுக்கு வால் பிளந்திருக்கும், வாலடியும் இறக்கையின் கீழ்ப்பக்கமும் வெளிறித் தெரியும்.

களைத்த பறவையைத் திரும்பக் கடலில் தூக்கி எறியாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டில் வைத்து வனத்துறையை அழையுங்கள். செத்துக் கிடந்தால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பக்கத்தில் அளவுகோல் வைத்து மேல்பக்கம், அடிப்பக்கம், விரித்த இறக்கையின் இருபக்கம், அலகு, பாதம் என்று படம் எடுத்தால் போதும். உடலையோ இறகையோ வீட்டுக்குக் கொண்டுபோவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கலாகும்.

காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ தெரிந்தால் வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் படியுங்கள். எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, பட்டையின் நிறம், எழுத்தின் நிறம், எழுத்து, எண் என்று எல்லாம் வேண்டும். மங்கோலியாவில் பச்சைக் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகள்வரை வருகின்றன. அந்த எழுத்தும் எண்ணும் தெளிவாக இருந்தால் பட்டை மாட்டிய நாளும் இடமும் தெரிந்துவிடும். இந்தியாவில் மாட்டும் உலோக வளையங்களில் பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பெயர் இருக்கும், அவர்களுக்கே எழுதலாம்.

ஈபேர்டில் ஏற்றும்போது ஒரு நடைமுறை யோசனை. காலை முழுக்க ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்த பட்டியலின் நடுவில் அரிய பறவையைப் புதைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் செக்லிஸ்ட்டை முடித்துவிட்டு அந்த இடத்திலேயே பத்து நிமிடத்துக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். நாளைக்கு அதைத் தேடி வருபவருக்கு எந்த மரம் என்பதுவரை தெரியும். குறிப்பை அந்தப் பறவையின் கருத்துப் பெட்டியில் அங்கேயே தட்டச்சு செய்யுங்கள். படத்தைப் பிறகு வலைத்தளத்தில் அதே செக்லிஸ்ட்டைத் திறந்து ஏற்றலாம்.

மெர்லினைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் அது சொன்னதைத் தேட வேண்டிய இடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவையின் குரலைப் போலிசெய்தால் ஆப்புக்கு அது தெரியாது. இனம் பிரியவில்லை என்றால் 'செம்மார்பு / டைகா ஈப்பிடிப்பான்' என்று இரட்டைப் பெயராகவோ 'ஏதோ ஒரு கடற்காகம்' என்றோ போட வசதி இருக்கிறது. குளிர்கால உடையில் கொசு உள்ளானையும் செங்கழுத்து உள்ளானையும் தூரத்திலிருந்து பிரித்ததாகச் சொல்வதைவிட அந்த இரட்டைப் பெயர் ஆய்வுக்கு எவ்வளவோ மேல். பெயரே பிடிபடாவிட்டால், எல்லா உயிரினப் படங்களையும் பலர் சேர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தைப் போடுங்கள். அங்கே இரண்டு பேராவது ஒத்துக்கொண்டு, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடன்பட்டால்தான் ஆய்வுத் தரம் கிடைக்கும்.

கூடு, ஆந்தை அடையும் மரம், வேட்டைக்கு இலக்காகும் பறவை என்றால் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். ஈபேர்டு சில இனங்களின் இடத்தைத் தானாகவே மறைக்கும். மற்றவற்றுக்குப் பட்டியலை நீங்களே மறைத்து வைத்து, பறவை போன பிறகு திறந்துவிடலாம். பட்டா நிலத்தில் இருந்தால் உரிமையாளரிடம் முதலில் பேசுங்கள். நாற்பது பேர் கேமராவோடு வயலில் இறங்கிய பிறகு பேசுவது கஷ்டம்.

மாநிலத்துக்கே முதல் பதிவாக இருக்கலாம் என்று தோன்றினால் ஈபேர்டோடு நிறுத்தாமல் 'இந்தியன் பேர்ட்ஸ்' போன்ற இதழுக்குச் சிறு குறிப்பு எழுதுங்கள். அங்கே படமோ ஒலியோ இல்லாமல் ஏறக்குறைய எதுவும் நிற்காது, ஒத்த இனங்களை ஒவ்வொன்றாக ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் கேட்பார்கள்.

உங்கள் டைகா இப்போதைக்கு ஏற்கப்படாவிட்டால் அழித்துவிடாதீர்கள். படத்தை ஏற்றி, இரட்டைப் பெயருக்கு மாற்றி வையுங்கள். பிப்ரவரி கடைசியில் அதே மரத்துக்குப் போங்கள். குளிர்காலப் பறவைகள் ஒரே இடத்தில் பல வாரம் தங்கும் வழக்கம் உண்டு. டைகா ஆணாக இருந்தால் அதற்குள் தொண்டையில் சிவப்பு ஏறத் தொடங்கியிருக்கும், அந்தச் சிவப்பைச் சுற்றிச் சாம்பல் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிசம்பர் செக்லிஸ்ட்டின் கருத்துப் பெட்டியில் புதிய பட்டியலின் இணைப்பை ஒட்டி, ரிவ்யூவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.